நிற்கும் டாங்கிக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவாகும் டாங்கிகளைப் பற்றிய செய்திகளில் இயந்திரத்தின் குதிரைத்திறனும் பீரங்கிக் குழலின் விட்டமும் தவறாமல் இடம்பெறுகின்றன. வண்டி நிற்கும்போது அதற்கு மின்சாரம் எங்கிருந்து கிடைக்கிறது என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. இராணுவ வாகனங்களின் மின்பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

போர்முனையில் டாங்கி ஓடும் நேரத்தைவிட மறைவில் நின்று கண்காணிக்கும் நேரமே அதிகம். அப்போது வயர்லெஸ், வெப்பப்படக் காட்சிக்கருவி, பீரங்கியைத் தாங்கும் சுழல்மேடையின் மின்னமைப்பு ஆகிய அனைத்தும் 24 வோல்ட் பேட்டரிகளை நம்பியே இயங்குகின்றன. குளிரூட்டப்படும் உணரி கொண்ட வெப்பப்படக் கருவியை அணைத்துவிட்டால் மீண்டும் படம் தெரியச் சில நிமிடங்கள் பிடிக்கும் என்பதால், மின்சாரத்தை மிச்சப்படுத்த அதை அடிக்கடி நிறுத்திவைக்கவும் இயலாது. வோல்ட்மீட்டர் முள் இறங்க இறங்க, இனி செல்ஃப் எடுக்காதோ என்ற கவலையில் பெரிய இயந்திரத்தையே ஓடவிட நேரிடுகிறது. சில கிலோவாட் மின்சாரத்துக்காக நம் படையிலுள்ள டி-72 டாங்கியின் 780 குதிரைத்திறன் டீசல் இயந்திரம் உறுமும்போது, அதன் ஓசையும் வெப்பமும் மறைவிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. எரிபொருள் செலவோ தனிக் கதை. அமெரிக்க ஆப்ராம்ஸ் டாங்கியின் 1,500 குதிரைத்திறன் டர்பைன் நின்றபடி ஓடினாலே மணிக்கு ஏறத்தாழ 40 லிட்டர் குடித்துவிடும்.

படையில் ஏ.பி.யு. என்று சொல்லப்படும் சிறிய துணை மின்னாக்கியை வண்டியிலேயே பொருத்துவதுதான் இதற்கு வழி. ஆவடியிலுள்ள போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த அர்ஜுன் டாங்கியில் அது உண்டு. 2021-இல் 118 வண்டிகளுக்கு ஆணை வழங்கப்பட்ட மார்க்-1ஏ வகையில் அதன் திறனும் கூட்டப்பட்டிருக்கிறது. 1970-களில் வந்த டி-72 இன்றைய மின்சுமையை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டதன்று. அதில் புதிய கருவிகளைச் சேர்ப்பதில் நாம் காட்டிய ஆர்வத்தை, அவற்றுக்கு மின்சாரம் தரும் ஏற்பாட்டில் காட்டவில்லை என்பதே என் கருத்து.

இடநெருக்கடி உண்மையான சிக்கல்தான். கவசத்துக்கு வெளியே மாட்டினால் ஒரு குண்டுச்சிதறல் போதும், மின்னாக்கி செயலிழந்துவிடும். உள்ளே வைத்தால் எரிபொருளுக்கோ குண்டுகளுக்கோ உரிய இடம் குறையும். லித்தியம் பேட்டரி போதுமே என்போர், உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் செல்கள் கெட்டுவிடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கிழக்கு லடாக்கின் குளிரில் ஈய-அமில பேட்டரியின் திறனும் பாதியளவுக்குச் சரிந்துவிடுகிறது.

எனவே, பழைய டாங்கிகளைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு திட்டத்திலும் துணை மின்னாக்கியைக் கட்டாயப் பொருளாகச் சேர்த்து, பொக்ரானின் மே மாத வெயிலிலும் லடாக்கின் ஜனவரி இரவிலும், பெரிய இயந்திரத்தை அணைத்த நிலையில் எல்லாக் கருவிகளையும் இயக்கிச் சோதித்த பின்னரே ஏற்க வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இராணுவ வாகன மின்பணியாளர்,
ஆவடி.