கேம் விமர்சனத்தில் விதிகளையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு குழுக்கள் உருவாக்கும் இண்டி கேம்களைப் பற்றித் தமிழில் எழுதத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சி. ஆனால் பிளாட்ஃபார்மர் (மேடைக்கு மேடை தாவி ஆடும் கேம்) என்றால் ‘ரொம்பக் கஷ்டம்’, அரசியல் சிமுலேஷன் என்றால் ‘ஒருதலைப்பட்சம்’ என்று பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டையும் கேமுக்குள் இருக்கும் விதிகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

2018-ல் வந்த ‘செலஸ்ட்’ என்ற மலையேறும் பிளாட்ஃபார்மர், செத்துச் செத்து ஆட வேண்டிய கேம் என்று பெயர் வாங்கியது. அதன் நாயகியை இயக்கும் நிரலை உருவாக்கியவர்களே பொதுவில் வைத்திருக்கிறார்கள். ஆடுபவருக்கு எவ்வளவு சலுகை இருக்கிறது என்பது அதைப் படித்தால் தெரியும். மேடை விளிம்பைத் தாண்டிய பிறகும் 0.1 விநாடி வரை குதிக்கலாம். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பட்டனை அழுத்திவிட்டாலும் தொட்டவுடன் குதிக்கும். எழும்பும்போது தலை ஒரு மூலையில் இடித்தால், 4 பிக்சல் வரை ஒதுக்கி வழிவிடும். சுவரேறும் தெம்பு மொத்தம் 110. சும்மா தொங்கினால் விநாடிக்கு 10 குறையும், ஏறினால் சுமார் 45. பிடித்தபடி மேலே தாவினால் ஒரு தாவலுக்கு 27.5. அவசரப்பட்டுத் தாவித் தாவி ஏறுபவர் நான்கே தாவலில் தெம்பிழந்து பாதிச் சுவரில் விழுவது இதனால்தான்.

இன்னொன்று, திரை. விநாடிக்கு 60 ஃபிரேமில் (படங்களில்) ஓடும்போது அந்த 0.1 விநாடி என்பது 6 ஃபிரேம். டிவியில் கேம் மோட் (படத் தாமதத்தைக் குறைக்கும் அமைப்பு) போடாவிட்டால் படம் தாமதமாக வந்து அதைத் தின்றுவிடும். ‘அழுத்தினேன், குதிக்கவில்லை’ என்று கேமைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சரிபார்க்க வேண்டும்.

‘செலஸ்ட்’ கேமில் ஆட்டத்தை எளிதாக்கும் அசிஸ்ட் மோடில் வேகத்தை 50% வரை குறைக்கலாம், தெம்பு தீராமல் வைக்கலாம். அப்படி ஆடினால் ஆடியதாகாது என்போர் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. மேலே சொன்ன சலுகைகளை எல்லோரும் தெரியாமலே அனுபவித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அரசியல் கேம்களில் விதியே கருத்தாகிவிடுகிறது. லூகாஸ் போப் உருவாக்கிய ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ (2013) கேமில் ஆடுபவர் எல்லைச் சாவடி அதிகாரி. சரியாகச் சோதித்த ஒவ்வொருவருக்கும் 5 கிரெடிட். வாடகை, சாப்பாடு, குளிருக்கு வெப்பம் எல்லாம் அதிலிருந்துதான். ஒரு நாளில் முதல் இரண்டு தவறுக்கு எச்சரிக்கை மட்டும், மூன்றாவதிலிருந்து அபராதம். கணவனை உள்ளே விட்டாயிற்று, பின்னால் வரும் மனைவியிடம் அனுமதிச் சீட்டு இல்லை என்ற இடத்தில், அன்றைக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை வாங்கியவர் இரக்கத்துக்குக் காசு கொடுத்தாக வேண்டும். எந்த வசனமும் இதைவிட அழுத்தமாக எதையும் சொல்லிவிடாது.

ஒரு நாட்டின் அரசை நடத்தும் ‘டெமாக்ரசி 4’ வேறு வகை. எந்தக் கொள்கை எதை உயர்த்துகிறது, எதைக் குறைக்கிறது என்பதைப் பச்சை, சிவப்பு அம்புகள் காட்டும். ஒரு சுற்று 3 மாதம். பல விளைவுகள் முழுமையாக வரச் சில சுற்றுகள் ஆகும். பொறுக்காமல் செலவை மேலும் ஏற்றுபவர் பற்றாக்குறையில் மாட்டிக்கொள்கிறார். அந்தக் கணக்குகள் சி.எஸ்.வி. (அட்டவணை) கோப்புகளில் திறந்தே கிடக்கின்றன. சார்பு இருக்கிறது என்பவர், எந்த வரியில் என்று சுட்டிக்காட்டலாம். நல்ல விளைவுகள் கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்துக்குப் பிறகு தோற்கவே முடிவதில்லை என்ற ஆட்டக்காரர்களின் புகார் மட்டும் நியாயமானது. அதுதான் இந்தக் கேமின் உண்மையான பலவீனம்.

எனவே தங்கள் இதழில் விமர்சனம் வரும்போது, எந்தக் கடின நிலையில், எந்தக் கருவியில் ஆடியது, அசிஸ்ட் மோட் இருந்ததா, அரசியல் கேம் என்றால் எந்த நாட்டை எடுத்து எத்தனை ஆட்சிக்காலம் ஆடியது என்று கட்டுரைக்குக் கீழே இரண்டு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை