தெரிவு நாளுக்கு முன்னரே சொல்லுங்கள்

எமது பகுதிப் பெண்கள் ஐஸ் ஹொக்கிச் சங்க நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். கடந்த வசந்தகால அணித் தெரிவின்போது, முதுகில் இலக்கம் ஒட்டிய மேற்சட்டையுடன் என் மகள் பனித்தளத்தில் சறுக்கிக்கொண்டிருக்க, கண்ணாடிக்கு வெளியே நின்ற நான் பக்கத்திலிருந்த தாயொருவரிடம் “பிபி அணி என்றால் என்ன?” என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அன்றிரவு வெளியான பட்டியலில் மகளின் இலக்கம் இருந்தது; மறுநாள் மாலைக்குள் ஒப்பமிடச் சொன்னார்கள். வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி, எவ்வளவு தூரப் பயணம், மொத்தச் செலவு என்ன என்பதெல்லாம் ஒப்பமிட்ட பின்னரே எமக்குத் தெரிய வந்தன.

ஒன்ராறியோவின் பெண்கள் ஹொக்கியில், தெரிவில்லாமல் எல்லோரும் சேரக்கூடிய உள்ளூர்ப் பிரிவான ஹவுஸ் லீக்குக்கு மேலே சி, பி, பிபி, ஏ, ஏஏ என்று படிகள் ஏறுகின்றன. பையன்களின் ஹொக்கியிலோ ஏஏஏ என்றொரு படி இருப்பதால், மகனை அங்கே விளையாடவிட்ட தகப்பன் மகளின் ஏஏ அணியை இரண்டாந்தரம் என்று நினைத்துவிடுகிறார். நெடுங்காலமாகப் பெண்களின் உச்சப் படியே அதுதான் என்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை. வயதுப் பிரிவு பிறந்த ஆண்டைக் கொண்டே அமைவதால், டிசம்பரில் பிறந்த சிறுமி அதே ஆண்டு ஜனவரியில் பிறந்தவளுடன் போட்டியிடுகிறாள் என்பதும் அப்படியே. அவள் ஓராண்டு பின்தங்கித் தெரிந்தால் அது திறமைக் குறைவல்ல.

1986இல் ஜஸ்டின் பிளேனி என்ற சிறுமியின் வழக்கில் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பையன்களின் அணிகளில் சேர விரும்பிய சிறுமிகளுக்கு வழி திறந்தது. ஆனால் அங்கே மேல்வயதுப் போட்டி அணிகளில் உடலால் மோதித் தடுப்பது ஆட்டத்தின் பகுதி. சிறுமிகளின் ஹொக்கியில் அதற்கு அனுமதியில்லை. எந்தப் பாதை தம் பிள்ளைக்கு உகந்தது என்று யோசிக்கும் பெற்றோருக்கு இந்த வேறுபாடு முதலில் தெரிய வேண்டியது.

ஹவுஸ் லீக்கைத் தோற்றவர்களின் இடமாகப் பேசுவதையும் நிறுத்துங்கள். இப்போதுதான் சறுக்கப் பழகும் பிள்ளைக்கு, மேல்நிலை அணியின் வாங்கில் உட்கார்ந்திருப்பதைவிட அங்கே பனித்தளத்தில் கழியும் நிமிடங்களே பயன் தரும்.

அடுத்த தெரிவுக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பாவது ஒரு மாலைக் கூட்டம் வையுங்கள். ஒவ்வொரு படியின் செலவு, பயணம், பயிற்சி நாட்கள், கட்டண உதவி, அடுத்த ஆண்டு மேலே செல்லும் வாய்ப்பு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். ஒப்பமிட மூன்று நாட்களாவது தாருங்கள். அந்தத் தாளைத் தமிழில் எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு தாய்