பிட்டு எது, படம் எது? ஐரோப்பியத் திரைப்பட ஆவணக் காப்பகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காப்பகத்தாருக்கு,

வணக்கம். உங்கள் கிடங்குகளில் இருக்கும், ஆனால் நீங்கள் அதிகம் பேச விரும்பாத சில படங்களைப் பற்றி எழுதுகிறேன். 1969இல் டென்மார்க்கும் 1971இல் சுவீடனும் ஆபாசப் படங்கள் மீதிருந்த தடையை நீக்கின. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் வந்து குவிந்த வயது வந்தோர் படங்களில் பல, உள்ளுக்குள் கண்ணீர்க் கதைகள்தான்.

1973இல் வந்த சுவீடன் படம் 'அனிதா'வையே பாருங்கள். ஊரே தூற்றும் ஒரு பெண், அவளைக் கரையேற்ற வரும் உளவியல் மாணவன். உடை விஷயத்தைக் கொஞ்சம் சரிசெய்திருந்தால் எங்கள் ஊர் மேட்னி ஷோவில் தாய்மார்கள் மூக்கைச் சிந்தியிருப்பார்கள். மாணவனாக வருபவர், பிற்பாடு ஹாலிவுட் வரை போன ஸ்டெல்லன் ஸ்கார்ஸ்கார்ட்.

அதே நாயகி கிறிஸ்டினா லிண்ட்பெர்க் நடித்த 'த்ரில்லர்' தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. இயக்குநர் பூ ஆர்னே விபேனியஸ், சுவீடனின் பெரிய இயக்குநரான இங்மர் பெர்க்மனிடம் 'பெர்சோனா' படத்தில் உதவியாளராக இருந்தவர். சிறுவயதுக் கொடுமையால் பேச்சிழந்த பெண்ணை ஒருவன் போதைக்கு அடிமையாக்கித் தொழிலில் தள்ளுகிறான். எதிர்த்ததற்கு ஒரு கண் போகிறது. அப்புறம் அவள் பழிவாங்கக் கிளம்புகிறாள். இந்தக் கதைக்கு நடுவில், லிண்ட்பெர்க் நடிக்காத, வேறு ஆட்களை வைத்து எடுத்த அப்பட்டமான உடலுறவுக் காட்சிகளைச் செருகியிருக்கிறார்கள். பார்ப்பவர் அவரே நடித்ததாக நினைக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

இதற்கு எங்கள் ஊரில் ஒரு சொல் உண்டு: பிட்டு. படம் சாதுவாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று சம்பந்தமே இல்லாத இரண்டு பேர் திரையில் வந்து போவார்கள். பிறகு கதை விட்ட இடத்திலிருந்து தொடரும். அதை இயக்குநரின் கலைப் பார்வை என்று எந்த ஆபரேட்டரும் சொல்லிக்கொண்டதில்லை.

என் கோரிக்கை இதுதான். இத்தகைய படங்களை மீட்டெடுக்கும்போது, நீளமான பிரதிதான் முழுமையான பிரதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பெண் எதில் நடித்தாரோ அதையே படமாகத் திரையிடுங்கள். செருகிய துண்டுகளைத் தனிச் சுருளாக வையுங்கள், ஆய்வாளர்கள் கேட்டால் காட்டுங்கள். அமெரிக்காவில் 'த்ரில்லர்' டிவிடியாக வந்தபோது, துண்டுகளோடு ஒரு பதிப்பும் அவை இல்லாமல் ஒரு பதிப்பும் வெளியிட்டார்கள். விற்கிறவர்களுக்கே தோன்றியது உங்களுக்குத் தோன்றாதா?

எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுக்கவும் முடியாது, சரி. ஸ்பானிய இயக்குநர் ஹெஸ் பிராங்கோவின் 1973ஆம் ஆண்டு ரத்தக்காட்டேரிப் படம் திகில், சிருங்காரம், அப்பட்டம் என மூன்று வடிவங்களில் இருக்கிறது. அங்கே அப்பட்டமான காட்சிகளிலும் நடித்தது நாயகி லினா ரொமேயேதான், எனவே பிரச்சினை வேறு. (அந்த நாயகியும் ஊமைதான். இந்தப் படங்களில் பெண்களுக்கு வசனம் எழுத யாருக்கும் நேரமில்லை போலும்.)

எதையும் அழிக்கச் சொல்லவில்லை. 1976இல் இத்தாலிய உச்ச நீதிமன்றம் 'லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்' படத்தை ஆபாசம் என்று சொல்லி அதன் பிரதிகளை அழிக்கச் சொன்னது. 1987இல் அதே படம் அங்கே மறுபடி தியேட்டருக்கு வந்தது. 2024 டிசம்பரில் பாரிஸின் திரைப்படக் காப்பகமான சினமாதெக் அதைத் திரையிடுவதாக அறிவித்தது. அதில் ஒரு வன்புணர்வுக் காட்சியை நாயகி மரியா ஷ்னைடரிடம் முழு விவரம் சொல்லாமல் எடுத்ததைப் பற்றிப் பேசாமல் திரையிடுவதா என்று எதிர்ப்பு எழுந்தது, காட்சி ரத்தானது. அழிப்பதும் பேசாமல் ஓட்டுவதும் எங்கே கொண்டுபோய் விடும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

படத்துக்கு முன்னால் ஓர் அட்டை போடலாம்: எந்தக் காட்சியில் யார் நடித்தார், எது எப்போது செருகப்பட்டது என்று நாலு வரி. அதற்கு விவரம் வேண்டும். ஷ்னைடர் 2011இல் போய்விட்டார், 'எம்மானுவேல்' சில்வியா கிறிஸ்டல் 2012இல், 'மலீசியா' லாரா அன்டொனெல்லி 2015இல். மிஞ்சியிருப்பவர்களை இந்த ஆண்டே தேடிப்போய்க் கேளுங்கள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு சினிமா ரசிகன்

பி.கு.: 'த்ரில்லர்' படத்தை 'சுவீடனில் தடை செய்யப்பட்ட முதல் படம்' என்று விளம்பரம் செய்வதையும் யாராவது நிறுத்தச் சொல்லுங்கள். சுவீடன் சினிமாவின் முன்னோடி விக்டர் ஷோஸ்ட்ரோம் இயக்கிய முதல் படத்துக்கே 1912இல் அங்கே தடை போட்டிருக்கிறார்கள்.