‘ரத்தம் வேண்டாம்’ என்ற ஒற்றை வரி போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மத நம்பிக்கை காரணமாக ரத்தம் ஏற்றிக்கொள்ள மறுப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், “உயிரைக் காப்பதுதானே டாக்டர் வேலை, மயங்கியதும் ஏற்றிவிட வேண்டியதுதானே” என்று பலர் சொல்கிறார்கள். நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் சட்டம் அப்படி இல்லை.

தெளிந்த மனநிலையில் உள்ள வயது வந்தவருக்கு அவர் சம்மதமில்லாமல் சிகிச்சை செய்யக் கூடாது என்று சமிரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-ல் சொன்னது. மறுப்பதால் உயிரே போகும் என்றாலும் மறுக்கும் உரிமை உண்டு என்பதை 2018-ல் அதே நீதிமன்றத்தின் காமன் காஸ் தீர்ப்பு உறுதிசெய்தது. இந்த உரிமைக்கு அடிப்படை அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு. மதச் சுதந்திரம் பேசும் 25-வது பிரிவு வரை போக வேண்டியதே இல்லை; கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் இதே உரிமைதான்.

அவசரத்தில் சம்மதமின்றிச் சிகிச்சை தரும் மருத்துவருக்கு இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-வது பிரிவு (பழைய தண்டனைச் சட்டத்தில் 92) பாதுகாப்புத் தருகிறது. அது சம்மதம் தெரிவிக்க முடியாத நிலையில் இருப்பவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. வேண்டாம் என்று முன்பே எழுதிக் கொடுத்தவர் மயங்கும்வரை காத்திருந்து ரத்தம் ஏற்றிவிட்டு அந்தப் பிரிவைக் காட்டித் தப்புவது கடினம். கனடாவில் விபத்தில் சிக்கிய ஒரு பெண்ணின் பையில் மறுப்பு அட்டை இருந்தும் டாக்டர் ரத்தம் ஏற்றினார். அந்தப் பெண் பிழைத்தார். இருந்தும் 20,000 டாலர் இழப்பீடு தர வேண்டும் என்ற தீர்ப்பை ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 1990-ல் உறுதிசெய்தது.

குழந்தைகள் விஷயம் வேறு. பெற்றோரின் நம்பிக்கை குழந்தையின் மறுப்பு ஆகாது. ரத்தப்போக்கில் துடிக்கும் குழந்தைக்கு நீதிமன்ற உத்தரவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரண்டு மூத்த மருத்துவர்கள் கேஸ் ஷீட்டில் காரணத்தையும் நேரத்தையும் எழுதிவிட்டு ஏற்ற வேண்டும். அவகாசம் இருந்தால் குழந்தைகள் நலக் குழுவுக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ போகலாம்.

நடைமுறையில் வம்பு வருவது பெரும்பாலும் சம்மதப் படிவத்தில். ‘ரத்தம் ஏற்றச் சம்மதமில்லை’ என்று ஒரு வரி, கீழே கணவர் கையெழுத்து. சுயநினைவோடு இருக்கும் மனைவிக்காகக் கணவர் போடும் கையெழுத்து சட்டப்படி செல்லாது. அந்த வரியும் எதையும் தெளிவாகச் சொல்வதில்லை. முழு ரத்தம், சிவப்பணு, வெள்ளணு, தட்டணு (பிளேட்லெட்), பிளாஸ்மா ஆகியவற்றைச் சாட்சிகள் ஏற்பதில்லை. முன்கூட்டியே எடுத்துச் சேமித்த சொந்த ரத்தமும் நெடுங்காலம் கூடாது என்றிருந்தது; இப்போது அது அவரவர் முடிவு. ஆனால் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் ஆல்புமின், இம்யூனோகுளோபுலின், உறைவுக் காரணிகள், டயாலிசிஸ், இதய-நுரையீரல் இயந்திரம், ஆபரேஷனில் வழியும் ரத்தத்தை அப்போதே சுத்திகரித்துத் திருப்பி ஏற்றும் செல் சேவர் ஆகியவற்றை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் மனசாட்சி. குழந்தை ஆர்.எச். பாசிட்டிவ் என்றால், ஆர்.எச். நெகட்டிவ் தாய்க்குப் பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஆன்டி-டி ஊசியைப் பாருங்கள். ஒரு வகை பிளாஸ்மாவிலிருந்து எடுப்பது, இன்னொன்று ஆய்வகத்தில் தயாராகும் மோனோகுளோனல் வகை. அந்த ஒற்றை வரியை நம்பி யாரும் கேட்காமல் விட்டால் அடுத்த குழந்தைக்கு ஆபத்து.

ஆகவே ஒவ்வொரு பொருளாகப் பெயர் சொல்லி ‘ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’ என்று நோயாளியே குறித்துக் கையெழுத்திட வேண்டும். குடும்பத்தாரையும் சபை மூப்பர்களையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, “இதனால் உயிர் போகலாம், அப்போதும் இதே முடிவுதானா?” என்று தனியாகக் கேட்க வேண்டும். இது அவர்களை அவமதிப்பது அல்ல. அந்த முடிவு நோயாளியுடையதுதான் என்பதற்குப் பின்னால் கிடைக்கும் ஒரே சான்று. மனம் மாறினால் எந்த நேரமும் வாய்ச்சொல் போதும் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவையும் ஆபரேஷனுக்குப் பல வாரம் முன்பே செய்ய வேண்டியதற்குக் காரணம் இரும்புச்சத்துக் கணக்கு. ரத்தம் ஏற்ற முடியாது என்பதால் ஹீமோகுளோபினை முன்பே உயர்த்தியாக வேண்டும். 60 கிலோ எடையுள்ளவரின் ஹீமோகுளோபின் 8. அதை 13-க்குக் கொண்டுவர, எடை × உயர வேண்டிய அளவு × 2.4 என்ற சூத்திரப்படி 60 × 5 × 2.4 = 720; சேமிப்புக்கு 500 சேர்த்தால் 1,220 மி.கி. இரும்பு. ரத்தக் குழாய் வழியே போடும் அயர்ன் சுக்ரோஸ் என்றால் ஒரு தடவைக்கு 200 மி.கி., வாரம் மூன்று முறை. ஆறு தடவைக்கு இரண்டு வாரம் ஆகிவிடும். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸில் ஒரே தடவையில் 1,000 மி.கி. போடலாம். எதைப் போட்டாலும் ஹீமோகுளோபின் ஏற மேலும் சில வாரங்கள் வேண்டும். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்டின் ஊசியையும் சேர்த்தால் வேகம் கூடும். ஆனால் சில தயாரிப்புகளில் ஆல்புமின் கலந்திருப்பதால் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்துவிட்டே போட வேண்டும். முந்தின நாள் மாலை அட்மிஷனில்தான் மறுப்பு தெரியவருகிறது என்றால், கையில் மிஞ்சுவது ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம், பரிசோதனைக்குக் குறைந்த ரத்தம் எடுக்கச் சிறிய குழாய்கள், கவனமாகக் கட்டுப்படுத்தும் அறுவை, இவ்வளவுதான்.

வசதி இல்லாத மருத்துவமனை அவசரமில்லாத ஆபரேஷனை ஏற்காமல் வேறிடத்துக்கு அனுப்பலாம்; தவறில்லை. அதை ஓ.பி.யிலேயே சொல்ல வேண்டும். மகப்பேறு மருத்துவமனைகள் முதல் பரிசோதனை நாளிலேயே ரத்த வகையோடு சேர்த்து, ‘ரத்தம், ரத்தப் பொருட்கள் ஏற்பீர்களா?’ என்ற கேள்வியையும் தாயின் அட்டையில் எழுதி வாங்கலாம். பொருள்வாரியான படிவத்தைத் தமிழில் அச்சிட்டு எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் அனுப்ப மக்கள் நல்வாழ்வுத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

மயக்கவியல் மருத்துவர்,
திருச்சி.