மழைக்காலத்தில் மொட்டையாய் நிற்கும் மரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆப்பிரிக்கப் புல்வெளி மரங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பாவோபாப் எனும் பெருக்கமரத்தைப் பற்றிய பகுதி அருமை. ஆனால், அங்குள்ள இலையுதிர் மரங்கள் எல்லாமே வறண்ட காலத்தில் இலையைக் கொட்டிவிட்டு மழை விழுந்ததும் துளிர்க்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை. இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும் மரம் ஒன்று அங்கே இருக்கிறது. ஏதோ ஒரு மூலையில் மட்டும் இருக்கிற அபூர்வ மரமும் இல்லை. மேற்கே செனகல், கிழக்கே எத்தியோப்பியா, தெற்கே நமீபியா என்று எங்கும் பரவி, ஏழை விவசாயிகளின் புஞ்சைக் காட்டுக்குள்ளேயே நிற்கிறது.

அதன் தாவரவியல் பெயர் ஃபைதர்பியா ஆல்பிடா. ஜாம்பியாவில் முசாங்கு, நைஜரில் காவோ, சூடானில் ஹராஸ். முன்பு அக்கேசியா பேரினத்தில் வைத்திருந்தார்கள், அப்புறம் தனியாகப் பிரித்தார்கள். சிறு சிறு இலைகளையும் ஜோடி முட்களையும் பார்த்தால் நம் கருவேலத்தின் சொந்தம் என்று உடனே தெரியும். உயரம் 30 மீட்டர் வரை போகும்.

நான் ஜாம்பியாவின் தென் மாகாணத்தில் நான்கு வருடம் கணக்கு ஆசிரியராக இருந்தேன். போய்ச் சேர்ந்தது ஒரு டிசம்பரில், நல்ல மழை நேரம். ஊரே பச்சையாக இருக்க, பக்கத்துக் காட்டில் மட்டும் ஒரு பெரிய மரம் ஒரு இலைகூட இல்லாமல் வெளுத்த கிளைகளோடு நின்றது. பட்டுப்போன மரத்தை ஏன் வெட்டாமல் வைத்திருக்கிறீர்கள் என்று அந்தக் காட்டுக்காரப் பாட்டியிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என்னை மக்காச்சோளத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார். மரத்தின் கிளை எதுவரைக்கும் நீள்கிறதோ அதுவரைக்கும் பயிர் கரும்பச்சையாக என் தோள் உயரத்துக்கு நின்றது. அதைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் இடுப்பு உயரம்தான், இலையெல்லாம் மஞ்சள். வட்டம் போட்டு வைத்த மாதிரி இருந்தது.

விஷயம் இதுதான். மழை தொடங்கும்போது மரம் இலையைக் கொட்டுகிறது. அதன் வேர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் வகை, அதனால் இலையிலும் சத்து அதிகம். அந்த இலை மக்கி, விதைத்த பயிருக்கு உரமாகிறது. மரம் மொட்டையாக இருப்பதால் பயிருக்கு வெயிலும் தடையில்லை, தண்ணீருக்கும் அவ்வளவாகப் போட்டியில்லை. ஜாம்பியாவில் 2008-இல் எடுத்த கணக்கில், உரமே போடாத மக்காச்சோளம் மரத்தைச் சுற்றி ஹெக்டேருக்குச் சராசரியாக 4.1 டன்னும், நிழல் வட்டத்துக்கு வெளியே 1.3 டன்னும் விளைந்திருக்கிறது.

அறுவடை முடிந்து நிலம் காய ஆரம்பித்ததும் மரம் துளிர்க்கும். அக்டோபர் வெயிலில் மாடுகளெல்லாம் அதன் அடியில்தான் கிடக்கும். கொடுக்காப்புளி போலச் சுருண்ட, ஆரஞ்சு நிறக் காய்கள் அந்த நேரத்தில் உதிரும். புல் கிடைக்காத மாதங்களில் கால்நடைக்கு அதுதான் தீவனம். ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ் தேசியப் பூங்காவில் இந்தக் காய்க்காகவும் இலைக்காகவும் யானைகள் பின்னங்கால் இரண்டில் எழுந்து நின்று கிளையை எட்டிப் பிடிக்கின்றன. தோல் கெட்டியான விதை மிருகங்களின் வயிற்றுக்குள் போய்ச் சாணத்தோடு வெளியே வந்தால் சுலபமாக முளைக்கும். நம் கிடை ஆடுகள் கருவேலங்காயைத் தின்றுவிட்டு விதை போடுகிற மாதிரிதான்.

வறட்சியில் எப்படித் துளிர்க்கிறது? ஆணிவேர் நிலத்தடி நீர் வரைக்கும் இறங்கிவிடுகிறது. ஆற்றோர வண்டலும் ஆழமான மணல் நிலமும் அதற்குப் பிடித்த இடங்கள். நமீப் பாலைவனத்தின் குயிசெப் ஆற்றில் வருடத்தில் சில நாள்தான் தண்ணீர் ஓடும், ஆனாலும் கரை நெடுக இந்த மரங்கள் நிற்கின்றன. மழையோடு சண்டை போட்ட மரம் என்று சூடானில் இதைச் சொல்வார்கள்.

நைஜரின் கதையையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம். பிரெஞ்சு ஆட்சிக் காலச் சட்டப்படி மரமெல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தமாக இருந்தது. தன் காட்டில் முளைத்தாலும் தனக்கில்லை என்றால் யார் காப்பாற்றுவார்கள்? 1980-களில் இருந்து, மண்ணுக்குள் உயிரோடு இருந்த பழைய அடிக்கட்டைகளின் துளிரை விவசாயிகளே காத்து வளர்க்க ஆரம்பித்தார்கள். அப்படித் திரும்பி வந்தவற்றில் காவோ முக்கியமானது.

அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தமாவது போடுங்கள். படம் போடுவதாக இருந்தால் ஜனவரியில் எடுத்ததாகப் பாருங்கள். மேலே ஒரு இலைகூட இல்லாத கிளை, கீழே கரும்பச்சை மக்காச்சோளம், இரண்டும் ஒரே படத்தில் தெரிய வேண்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
திருநெல்வேலி