கரும்பு இருக்கு, எத்தனால் பம்ப் எங்கய்யா? எரிபொருள் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரி ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும், தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்குற சாட்ஸ்வொர்த்லேர்ந்து வணக்கம்.

பெட்ரோல்ல 2லேர்ந்து 10 சதவீதம் வரைக்கும் எத்தனால், அதான் கரும்புலேர்ந்து எடுக்குற ஆல்கஹால், கலக்கணும்னு 2012ல கெஜட்ல போட்டது நம்ம அரசாங்கம்தான், 2015 அக்டோபர் 1லேர்ந்து அமல்னு தேதி குறிச்சதும் நம்ம அரசாங்கம்தான், அது நடைமுறைக்கு வராமலே போச்சுன்னு உங்களுக்கு நான் சொல்லியா தெரியணும். அதே 2015ல பிரேசில்காரன் 25லேர்ந்து 27 சதவீதத்துக்கு ஏத்திட்டான்னு மட்டும் ஞாபகப்படுத்திட்டு விசயத்துக்கு வர்றேன்.

நான் டர்போ கார், அதான் இன்ஜினுக்குள்ள காத்த அழுத்தி ஏத்துற கார், ட்யூன் பண்றவன். நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு, டர்பன்ல ஒரு பெட்ரோல் கராஜ்லயாவது இ-85, அதான் 85 சதவீதம் எத்தனால் 15 சதவீதம் பெட்ரோல், அதுக்கு ஒரு பம்ப் வைக்க வழி பண்ணுங்க, அந்த பம்ப் மேல நிஜமான சதவீதத்த எழுதி ஒட்டுங்க.

இப்ப ஏன் இத எழுதுறேன்னா, நம்ம ஏரியா தம்பி ஒருத்தன் கோல்ஃப் ஜிடிஐ வச்சிருக்கான், எரிபொருள் பீச்சுற இன்ஜெக்டர், வண்டிக்குள்ள இருக்குற எரிபொருள் பம்பு எல்லாம் பெருசா மாத்தி எத்தனாலுக்கு ட்யூன் போட்டுக் குடுத்தேன், ஏன்னா பெட்ரோல் ஒரு கிலோவுக்கு காத்து 14.7 கிலோ போதும்னா எத்தனாலுக்கு 9 கிலோதான், இ-85ன்னா அதே காத்துக்கு எரிபொருள் சுமார் நாப்பது சதவீதம் கூட ஊத்தணும். ஊத்துனா பலன் இருக்கு, எத்தனால் ஆவியாகுறப்ப சூட்ட உறிஞ்சிடும், டர்பன் டிசம்பர் புழுக்கத்துலயும் நாக், அதான் எரிபொருள் தானா வெடிச்சு இன்ஜின் தட்டுறது, வராது, தைரியமா பூஸ்ட், அதான் டர்போ காத்தழுத்தம், ஏத்தலாம், ஸ்பார்க் அடிக்கிற டைமிங்க முன்னாடி தள்ளலாம். கடையில டிரம்ல விக்கிற இ-85 ஊத்துனான், வண்டி பறந்துச்சு. அடுத்த டிரம் வாங்கி ஊத்துனான் பாருங்க, அதே கடை, அதே நீல டிரம், அதே இ-85 ஸ்டிக்கர், மூணாவது கியர்ல அழுத்துனா நாக். ஈசியூ, அதான் வண்டி கம்ப்யூட்டர், அதோட பதிவ எடுத்துப் பாத்தா நாலு சிலிண்டர்லயும் டைமிங்க வண்டியே பின்னாடி இழுத்துட்டு இருக்கு.

அளவு போட்ட கண்ணாடிக் குழாய்ல 50 மில்லி தண்ணி, அது மேல டிரம்லேர்ந்து 50 மில்லி, மூடி போட்டு நல்லா குலுக்கி அப்படியே வச்சேன். எத்தனால் தண்ணியோட கீழ போயிடும், பெட்ரோல் தனியா மேல நிக்கும், இ-85 உண்மைன்னா மேல ஏழு எட்டு மில்லி நிக்கணும். பதினஞ்சு நின்னுச்சு. அப்ப அதுல எத்தனால் 70தான். கடைக்கு போன் போட்டா "இ-85ன்னா அப்டித்தான் முன்ன பின்ன இருக்கும்"ங்குறாரு! அமெரிக்காவுலயும் 51லேர்ந்து 83 வரைக்கும் இருக்கலாம்னுதான் விதி, ஆனா அங்க பம்ப்ல ஒரு ஸ்டிக்கராவது ஒட்டி சொல்லிடுறான், தெரிஞ்சே ஊத்திக்கலாம்.

இது எத்தனால் குறைஞ்ச கதை, நாக் சத்தத்தோட போச்சு. 70ன்னு நம்பி ட்யூன் போட்டு, அடுத்த டிரம்ல நிஜமாவே 85 வந்தா எரிபொருள் பத்தாம லீனா ஓடி பிஸ்டன் உருகும், அந்த பில்ல யார் கட்டுறது? எத்தனால் சதவீதத்த அளக்குற ஃப்ளெக்ஸ் சென்சார் போட்டுக்கோன்னு சுலபமா சொல்லிடுவீங்க. எல்லா வண்டி ஈசியூவும் அத படிக்காது, டிரம்ல தண்ணி இறங்கியிருந்தா சென்சாரே எத்தனால் ஜாஸ்தின்னு பொய் சொல்லும்.

ரேஸ் பசங்க விளையாட்டுக்கு அரசாங்கம் பம்ப் வைக்கணுமான்னு கேப்பீங்க. விளையாட்டுன்னே வச்சுக்குங்க, காசு குடுத்து முதல்ல வாங்கப் போறது இந்தப் பசங்கதான். சரக்கு இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. என்2 ஹைவேல வடக்க டொங்காட் தாண்டிப் போனா ரெண்டு பக்கமும் கரும்புதானே, 1860ல ட்ரூரோ கப்பல் ஏறி மெட்ராஸ்லேர்ந்து எங்க ஆளுங்க வந்ததே இதுக்குத்தானே. சீசன்ல காட்ட எரிச்சா கரி பறந்து வந்து எங்கம்மா காயப்போட்ட துணி மேல உக்காருது, அது மட்டும் டெலிவரி கரெக்டா வருது. சக்கரை ஆலையில மிஞ்சுற மொலாசஸ் பாகுலேர்ந்து ஆல்கஹால் இதே டர்பன்ல காய்ச்சுறாங்க. கோலா குடிச்சா 2018லேர்ந்து சக்கரை வரி, கரும்பு போடுறவன் சக்கரை போக மாட்டேங்குதுன்னு புலம்புறான், மலாவில 1982லேர்ந்து பெட்ரோல்ல எத்தனால் கலக்குறான், பக்கத்து ஜிம்பாப்வேலயும் கலக்குறான், நாம மாசா மாசம் முதல் புதன்கிழமை பெட்ரோல் வெலை ஏறுமா இறங்குமான்னு ரேடியோவ கேட்டுட்டு உக்காந்திருக்கோம். அந்த கெஜட் பேப்பர எரிச்சா எத்தனை ஆக்டேன் வரும்னு இன்ஜின் பவர் அளக்குற டைனோ மெஷின்ல போட்டுப் பாக்கலாமான்னு கூட தோணுது.

சரி, கோவத்துல நாலு வார்த்தை கூடப் போச்சு, தப்பா எடுத்துக்காதீங்க. தயவு பண்ணி டர்பன்ல ஒரு பம்ப், அது மேல சதவீதம், லோடு வந்த தேதி. அதுக்கு நாளாகும்னா, டிரம்ல விக்கிறவனாவது சோதிச்ச சதவீதத்த டிரம் மேல எழுதணும்னு இப்பவே ஒரு உத்தரவு போடுங்க. அந்த டிரம்லேர்ந்து ஒரு லிட்டர் சீல் வச்சு எடுத்து வச்சிருக்கேன், ஆள் அனுப்புனா குடுத்துடுறேன், நீங்களே லேப்ல போட்டுப் பாத்துக்கலாம்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் ட்யூனர் ஒருத்தன்