வெங்ஙானூர்க்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாறசாலையில் இருந்து எழுதுகிறேன். 1956இல் எல்லை பிரித்தபோது எங்கள் ஊர் கேரளத்தோடு நின்றுவிட்டது. ஆனால் வீட்டில் பேசுவதும் காலையில் படிக்கிற பேப்பரும் தமிழ்தான். ஜூலை 26 அன்று நீங்கள் போடும் கார்கில் வீரர்கள் பக்கத்தைக் கத்தரித்து வைப்பது என் வழக்கம். மேஜர் சரவணன் படத்தைப் பார்த்தால் மனசு நிறையும். அவரைப் போலவே வீர் சக்ரா பெற்ற கேப்டன் ஜெரி பிரேம்ராஜை மட்டும் நான் கத்தரித்து வைத்த எந்தப் பக்கத்திலும் காணோம். விழிஞ்ஞத்தை ஒட்டிய வெங்ஙானூர்தான் அவர் ஊர். களியக்காவிளையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்.

நானும் பீரங்கிப் படையில் இருந்தவன், 130 மி.மீ. பீரங்கியில். ஒரு குண்டு 33 கிலோ. அதைத் தூக்கித் தூக்கித் தோள் காய்த்துப்போனது. வலது காது இன்றும் இரைகிறது. ஆனால் நாங்கள் சுட்ட குண்டு எங்கே விழுகிறது என்று எங்களுக்குத் தெரியாது. அது மலைக்கு அந்தப் பக்கம். காலாட்படையோடு முன்னால் ஏறிப்போகிற ஓ.பி. (அப்சர்வேஷன் போஸ்ட், அதாவது கண்காணிப்பு நிலை) அதிகாரிதான் கண்ணால் பார்த்து வயர்லெஸ்ஸில் சொல்வார்: ‘ரைட் ஃபிஃப்டி, ஆட் ஹண்ட்ரட்.’ வலப்பக்கம் 50 மீட்டர் தள்ளு, தூரத்தில் 100 மீட்டர் கூட்டு. மலைமுகட்டில் கொஞ்சம் கூடிப்போனால் குண்டு பின்னால் பள்ளத்தில் விழுந்து வீணாகும். குறைந்தாலோ, ஏறிக்கொண்டிருக்கிற நம் பிள்ளைகள் தலையில் விழும். அந்த ஒரு குரல் நின்றால் பீரங்கிக்குக் கண் போச்சு.

ஜெரி செய்தது அந்த வேலைதான். முதலில் விமானப்படையில் இருந்தார், அப்புறம் தரைப்படையில் அதிகாரியானார். 158 மீடியம் ரெஜிமெண்ட். கார்கில் போர் நடந்த 1999ஆம் ஆண்டுதான் கல்யாணம். லீவில் இருந்தவர் அழைப்பு வந்ததும் கிளம்பிவிட்டார். திராஸ் பகுதியில் ‘ட்வின் பம்ப்ஸ்’ முகட்டைப் பிடிக்கும் சண்டையில் அடிபட்டும் கீழே இறங்கச் சம்மதிக்கவில்லை. வயர்லெஸ்ஸைக் கையில் வைத்துக்கொண்டே குண்டு விழும் இடத்தைத் திருத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுபடியும் சுடப்பட்டு இறந்தார். அது 1999 ஜூலை 7. கார்கிலின் இன்னொரு வீரர் கேப்டன் விக்ரம் பத்ரா இறந்ததும் அதே நாள்தான்.

வருகிற ஜூலையில் சரவணன் படத்துக்குப் பக்கத்தில் இவருக்கும் ஓர் இடம் கொடுங்கள். ஓ.பி. அதிகாரி என்றால் என்ன வேலை என்று படத்துக்குக் கீழே இரண்டு வரியும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பீரங்கிப் படை ஹவில்தார்,
பாறசாலை.